நீர் பிரிக்கும் மருந்தும் நெடுமலை மூச்சும்

பாதியில் நின்றுபோன ஒரு வாக்கியத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அதைச் சொன்னவன் நான். முடிக்காமல் விட்டவனும் நானே.

2004ஆம் ஆண்டு மே மாதத்தில், நானும் என்னுடன் கல்லூரியில் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவரும் சிக்கிம் மாநிலத்தைக் காணப் புறப்பட்டோம். நான் உடலியல் கற்பித்தவன். ஆகவே, ரயில் ஆந்திர நாட்டைக் கடந்துகொண்டிருந்தபோது நண்பர் என்னிடம், "உயர்ந்த மலைக்குப் போனால் தலைவலியும் மயக்கமும் வருமாமே, அதைத் தடுக்க மருந்து உண்டா?" என்று கேட்டார். "உண்டு, சிறுநீரைப் பெருக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே அதை உட்கொள்ளுவார்கள்" என்றேன். அதற்குள் தேநீர் விற்பவன் வந்தான். பேச்சு வேறு திசையில் போய்விட்டது.

ஐந்தாம் நாள் இரவு, ஏறக்குறைய 9,000 அடி உயரத்தில் உள்ள லாச்சென் என்னும் சிற்றூரில் தங்கினோம். விடியுமுன் ஜீப்பில் ஏறி, காலை ஒன்பது மணிக்குள் குருதோங்மார் ஏரியை அடைந்தோம். அது 17,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பது. நீல நீரும் வெண்பனியும் கண்ணைப் பறித்தன. நண்பர் வண்டியைவிட்டு இறங்கினார். கால்களை அகல வைத்துத் தள்ளாடி நடந்தார். கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட மூன்று முறை முயன்றார், முடியவில்லை. அதைக் கண்டு அவரே சிரித்தார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றேன். "இவ்வளவு நன்றாக நான் என்றும் இருந்ததில்லை" என்று குழறிய குரலில் சொன்னார். எனக்கு ஐயம் தட்டியது. "பதினேழை ஏழால் பெருக்கினால் எவ்வளவு?" என்று கேட்டேன். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த அந்த மனிதர், குழந்தையைப்போல் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்; விடை சொல்லவில்லை.

வண்டியோட்டி அந்த மலைநாட்டவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் என்னைப் போல் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. "ஐயா, பேச்சு வேண்டாம். கீழே போவோம்" என்று இந்தியில் சொல்லி, நண்பரைத் தோளோடு அணைத்து வண்டியில் ஏற்றிவிட்டார். தாங்கு என்னும் இடத்துக்கு வந்தபோது நண்பர் தேநீர் கேட்டார். லாச்செனுக்கு வந்தபோது, ஏரியைப் பார்த்தோமா என்று கேட்டார்.

அன்று மாலை அவருடைய சட்டைப்பையில் ஒரு மாத்திரை அட்டையைக் கண்டேன். கால் வீக்கத்துக்காக ஊரில் அவருடைய மருத்துவர் கொடுத்திருந்த ஃபுரோசமைடு என்னும் மாத்திரை அது. அதை இரண்டு நாட்களாக இருமடங்கு உட்கொண்டிருக்கிறார்! நான் திகைத்துப் பார்த்தேன். "நீங்கள்தானே சொன்னீர்கள், சிறுநீரைப் பெருக்கும் மருந்து என்று?" என்றார் அவர்.

ஒரே காலையில் 8,000 அடி ஏறினால் எந்த மாத்திரையும் இல்லாமலே மூளை தடுமாறக்கூடும். ஆகவே, அவருக்கு நேர்ந்ததெல்லாம் அந்த மருந்தினால் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ரயிலில் நான் முடிக்காமல் விட்ட வாக்கியம் அவருக்கு நன்மை செய்யவில்லை என்பது உறுதி. அதை இங்கே முடிக்க முயல்கிறேன்.

உயரே செல்லச் செல்லக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைகிறது என்று மாணவர் பலர் எழுதுகிறார்கள். அது பிழை. கடற்கரையிலும் சரி, இமயத்தின் உச்சியிலும் சரி, காற்றின் நூறு பங்கில் ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயுவே. குறைவது காற்றின் அழுத்தம். 18,000 அடி உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுகிறது. ஆகவே, நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பாதிப் பிராணவாயுவே கிடைக்கிறது. இந்தக் குறையை முதலில் உணரவேண்டிய உறுப்பு மூளை. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள அந்த உறுப்பு, நாம் சும்மா இருக்கும்போதுகூட உடல் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. சேமித்துவைக்கவும் அதற்குத் தெரியாது. மூளைக்குச் செல்லும் இரத்தம் முற்றிலும் நின்றுவிட்டால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும்.

முதலில் உணரவேண்டிய உறுப்பு என்றேன். ஆனால் விந்தை என்னவென்றால், தான் பட்டினி கிடப்பதை மூளை அறிவதில்லை. 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், பிரெஞ்சு நாட்டில் 'ஜெனித்' என்னும் பலூனில் திஸ்ஸாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் என்னும் மூவர் வானில் ஏறினார்கள். பிராணவாயு நிரப்பிய பைகளையும் கொண்டுசென்றார்கள். 26,000 அடியை நெருங்கும்போது பிராணவாயுக் குழாயை எடுக்க வேண்டும் என்று திஸ்ஸாந்தியே எண்ணினார், கை எழவில்லை. ஆனால் அவருக்கு அச்சமும் இல்லை, துன்பமும் இல்லை. உள்ளத்தில் ஏதோ ஓர் இன்பமே நிறைந்திருந்ததாகப் பின்னர் அவர் எழுதினார். நினைவு தப்பி, மீண்டும் விழித்தபோது மற்ற இருவரும் பலூனின் கூடையில் உயிரற்றுக் கிடந்தனர். பொத்தானைப் போட முடியாமல் என் நண்பர் சிரித்த சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலூன் நினைவுக்கு வருகிறது.

நேயர்களே, ஒருவர் கேட்கலாம்: பிராணவாயு குறைந்தால் மூச்சை வேகமாக இழுத்து ஈடுசெய்யக் கூடாதா? உடல் அதைத்தான் செய்ய முயல்கிறது. கழுத்தில் தலைக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசியளவான ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் அது மூளைக்குச் செய்தி அனுப்பும்; மூச்சு வேகமாகும். ஆனால் இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. வேகமாக மூச்சு விடும்போது, பிராணவாயு கூடுதலாக உள்ளே வருவதோடு, கரியமில வாயுவும் கூடுதலாக வெளியே போய்விடுகிறது. கரியமில வாயு நீரில் கரைந்தால் அமிலமாகும் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அது இரத்தத்தைவிட்டு மிகுதியாக நீங்கினால் இரத்தம் காரத் தன்மையின் பக்கம் சாயும். மூச்சை நடத்தும் மூளைப்பகுதியோ நெடுங்காலமாகக் கரியமில வாயுவையும் அமிலத்தையும் பார்த்தே வேலை செய்து பழகியது. "அமிலம் குறைந்துவிட்டது, மூச்சைக் குறை" என்று அது கட்டளையிடுகிறது. கழுத்து உறுப்பு குதிரையைச் சவுக்கால் அடிக்கிறது; மூளைத்தண்டு கடிவாளத்தை இழுக்கிறது. நடுவில் மனிதன் தவிக்கிறான்.

இந்தப் பூசலைத் தீர்ப்பது சிறுநீரகம். மிஞ்சிய காரத்தை, அதாவது பைகார்பனேட்டை, அது சிறுநீரில் மெல்ல மெல்ல வெளியேற்றுகிறது. இரத்தம் மீண்டும் சமநிலைக்கு வருகிறது, கடிவாளம் தளர்கிறது, மூச்சு தாராளமாகிறது. ஆனால் சிறுநீரகம் பொறுமைசாலி. இந்த வேலைக்கு அது பல நாட்கள் எடுத்துக்கொள்ளும். மலைக்குப் போகிறவன் மெல்ல ஏற வேண்டும் என்று பழைய மலைவாணர் சொன்னதன் பொருள் இதுதான். விமானமும் ஜீப்பும் வந்த பிறகு மனிதன் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பதில்லை.

இனி மருந்துக்கு வருவோம். அதன் வரலாறு மலையில் தொடங்கவில்லை. கேம்பிரிட்ஜ் நகரின் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. 1932-33ஆம் ஆண்டுகளில் மெல்ட்ரம், ரௌட்டன் என்னும் இருவர், இரத்தச் சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியைக் கண்டறிந்தார்கள். கரியமில வாயுவையும் நீரையும் சேர்ப்பதும் பிரிப்பதும் அதன் தொழில். அதன் ஒரு மூலக்கூறு விநாடிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் முறை இத்தொழிலைச் செய்ய வல்லது. நுரையீரலில் இரத்தம் தங்குவது ஒரு விநாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் கரியமில வாயு வெளியேற வேண்டுமானால் இத்தகைய வேகம் வேண்டாமா? அதே நொதி சிறுநீரகத்திலும் உண்டு. வடிகட்டப்பட்ட பைகார்பனேட் வீணாகாதபடி அதை மீட்டு இரத்தத்துக்குத் திருப்பித் தருவதற்கு அங்கே அது உதவுகிறது.

அக்காலத்தில் சல்பனிலமைடு என்னும் கிருமிக்கொல்லி மருந்து பெரும்புகழ் பெற்றிருந்தது. அதை உட்கொண்டவர்களில் சிலருக்கு இரத்தத்தில் அமிலத் தன்மை மிகுந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். காரணம் 1940இல் தெரிந்தது. மேற்சொன்ன நொதியை அம்மருந்து முடக்கிவிடுகிறது என்று மேன், கீலின் என்பவர்கள், அவர்களும் கேம்பிரிட்ஜிலேயே, காட்டினார்கள். சிறுநீரகத்தில் நொதி முடங்கினால் பைகார்பனேட் சிறுநீரில் போய்விடும். அதனோடு சோடியமும், சோடியத்தோடு நீரும் போகும். இது ஒரு பக்கவிளைவு. ஆனால் பக்கவிளைவே ஒருவனுக்கு மருந்தாகலாமல்லவா? 1949இல் அமெரிக்க நாட்டு மருத்துவர் ஷ்வார்ட்ஸ், இதயம் நலிந்து உடல் வீங்கிய நோயாளிகளுக்குச் சல்பனிலமைடைக் கொடுத்தார், நீர் பிரிந்தது. ஆனால் அந்த மருந்து நெடுநாள் கொடுக்கத்தக்கதன்று. ஆகவே வேதியியலார் அதைவிட வலியதொன்றைத் தேடினர். 1950இல் ராப்ளின், கிளாப் ஆகியோர் செய்த சேர்மங்களிலிருந்து அசெட்டஸோலமைடு பிறந்தது. டயமாக்ஸ் என்னும் பெயரில் நம் நாட்டு மருந்துக்கடைகளிலும் கிடைப்பது அதுவே.

பிறந்த குழந்தை பெற்றோரின் எண்ணத்தை நிறைவேற்றவில்லை. நீரிறக்கும் மருந்தாக அசெட்டஸோலமைடு தோற்றது. சில நாட்கள் நீர் பிரியும். பிறகு அந்த ஆற்றல் குன்றிவிடும். பைகார்பனேட்டை இழந்து இரத்தம் சற்றே அமிலத்தின் பக்கம் சாய்ந்துவிடுவதே அதற்குக் காரணம். 1958இல் குளோரோதயஸைடு விற்பனைக்கு வந்தது. பின்னர் என் நண்பரின் பையில் இருந்த ஃபுரோசமைடு வந்தது. வீக்கத்தை வற்றச்செய்வதில் இவை மிக வலியவை. அசெட்டஸோலமைடு கண்ணழுத்த நோய்க்கும் சிலவகை வலிப்புக்கும் என்று ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் இரத்தம் சற்றே அமிலமாவது மருத்துவமனையில் குறையென்றால், மலையில் அது எப்படிப்பட்டது? இரத்தம் காரமாகி மூச்சுக்குக் கடிவாளம் இட்டதல்லவா மலையின் தொல்லை? சிறுநீரகம் பல நாள் எடுத்துச் செய்யும் வேலையை, அதாவது பைகார்பனேட்டை வெளியேற்றுவதை, இந்த மருந்து ஒரு நாளுக்குள் தொடங்கிவைக்கிறது. எந்தக் குறையால் ஒரு மருந்து தோற்றதோ அந்தக் குறையே இங்கே குணமாயிற்று. உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் இதைச் சொல்லும்போது மணி அடித்ததும் தெரியாமல் பேசியிருக்கிறேன்.

1960களின் நடுவில் கெயின், டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், இந்த மருந்தால் உயரத்திலும் இரத்தத்தில் பிராணவாயு கூடுகிறது என்பதை அளந்து காட்டினர். 1968இல் ஃபார்வண்டும் அவருடன் பணிபுரிந்தோரும், மருந்தை உட்கொண்டவர்க்கு மலைநோய் குறைவதை ஒப்புநோக்கி நிறுவினர்.

அதே காலத்தில் நம் நாட்டிலும் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 1962ஆம் ஆண்டுப் போரின்போது, சமவெளியிலிருந்த நம் படைவீரர்கள் உடல் பழகுவதற்கு அவகாசமின்றி இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்டனர். பகைவரின் குண்டு படாமலே பலர் நோயுற்றனர். இந்தர் சிங் என்னும் இராணுவ மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தோரும், 11,000 அடி முதல் 18,000 அடி வரையிலான உயரங்களில் நோயுற்ற 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மலைநோயைப் பற்றி எழுதுவோர் யாரும் அதைக் குறிப்பிடாமல் போவதில்லை. நோயுற்ற வீரர்களுக்குச் சிறுநீர் குறைவாகப் பிரிவதை அவர்கள் கவனித்தார்கள். நீர் உடலில் தங்கி, மூளையையும் நுரையீரலையும் அழுத்துகிறது. ஆகவே நீரை இறக்கினால் நோய் தீரும் என்று முடிவுசெய்து, ஃபுரோசமைடைப் பரிந்துரைத்தார்கள். அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நோயுற்றவர்களைக் கண்ணால் கண்டு, அவர்களைக் காப்பாற்றத் துடித்த மருத்துவர்களின் முடிவு அது.

அதைச் சோதித்துப் பார்க்கக் கனடா நாட்டில் ஒரு வாய்ப்பு அமைந்தது. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய லோகனில், ஏறக்குறைய 17,500 அடி உயரத்தில், பனியின் நடுவே ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. சார்லஸ் ஹௌஸ்டன் போன்ற மருத்துவர்கள் கோடைதோறும் அங்கே ஆட்களை அழைத்துச்சென்று ஆராய்ந்தார்கள். கிரேயும் மற்றவரும் 1971இல் வெளியிட்ட முடிவு இது: அசெட்டஸோலமைடு உட்கொண்டவர்க்கு நோய் குறைந்தது; ஃபுரோசமைடு உட்கொண்டவர்க்குப் பயன் இல்லை; அவர்களில் சிலர் பெரிதும் நலிவுற்றனர்.

இரண்டும் சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளே. பின் ஏன் இந்த வேறுபாடு? மலையில் வறண்ட காற்றும் வேகமான மூச்சும் சேர்ந்து உடலின் நீரை ஏற்கனவே குறைத்துவிடுகின்றன. அந்நிலையில் ஃபுரோசமைடு இன்னும் நீரை வற்றச்செய்தால் இரத்த அழுத்தம் தாழும். எழுந்து நின்றால் தலை சுற்றும். அதனினும் பெரிய கேடு மற்றொன்று. ஃபுரோசமைடு மிகுந்தால் இரத்தம் காரத்தின் பக்கமே சாய்கிறது. தளர்த்தவேண்டிய கடிவாளத்தை அது இறுக்கிப் பிடிக்கிறது. என் நண்பர் ஏரிக்கரையில் நின்றபோது, அவருடைய மூளைக்கு வேண்டியிருந்தது இன்னும் ஒரு பிடி மூச்சு. அவர் விழுங்கிய மாத்திரையோ அதற்கு நேர்மாறான திசையில் இழுத்துக்கொண்டிருந்தது.

ஆகவே, ரயிலில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இது: "சிறுநீரைப் பெருக்கும் மருந்து ஒன்று இருக்கிறது, ஆனால் அது காப்பது சிறுநீரைப் பெருக்குவதால் அன்று, மூச்சைப் பெருக்குவதால்."

பகலைவிட இரவில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். உயரத்தில் உறங்குபவனைக் கவனித்தால் அச்சமாக இருக்கும். சில மூச்சுகள் ஆழமாக வரும். பிறகு மூச்சே நின்றுவிடும். பல விநாடிகள் கழித்துத் திடுக்கென்று மீண்டும் தொடங்கும். சவுக்கும் கடிவாளமும் மாறிமாறி வேலை செய்வதன் விளைவு அது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இரத்தத்தில் பிராணவாயு தாழ்கிறது. அசெட்டஸோலமைடு கொடுத்தால் மூச்சு சீராகி, இந்தத் தாழ்வு குறைகிறது என்று சட்டனும் பிறரும் 1979இல் காட்டினார்கள்.

நேபாளத்தில் எவரெஸ்டுக்குச் செல்லும் வழியில், ஏறக்குறைய 14,000 அடி உயரத்தில், பெரிச்சே என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வழியே சென்ற 278 பேரை ஹாக்கெட்டும் உடன்பணியாற்றியவரும் ஆராய்ந்து 1976இல் எழுதினார்கள். நூற்றுக்கு 53 பேருக்கு மலைநோய் கண்டிருந்தது. உயரத்துக்கு விமானத்தில் வந்து இறங்கி நடந்தவர்களுக்கு அசெட்டஸோலமைடு நன்மை செய்தது என்பதும் அவர்களுடைய முடிவுகளுள் ஒன்று.

இவ்வளவு சொன்னபின், இது மந்திரக்கோல் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இது வருமுன் காப்பது. மூளை வீங்கத் தொடங்கி, ஒருவன் நேர்க்கோட்டில் நடக்கமுடியாமல் தள்ளாடினால், அவனுக்கு முதல் மருந்து எழுதப் படிக்கத் தெரியாத அந்த வண்டியோட்டி கொடுத்த மருந்தே: கீழே இறங்குவது. பிராணவாயுவும் டெக்ஸாமெத்தசோன் என்னும் மருந்தும் அடுத்தவை. அசெட்டஸோலமைடு சல்பனிலமைடின் உறவு. ஆகவே சல்பா மருந்து ஒவ்வாதவரும், சிறுநீரக நோய் உள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. மற்றவருக்கும் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்ச்சி உண்டாகும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சோடாவின் 'சுருக்'கென்ற சுவை நமக்கு எப்படித் தெரிகிறது? நாக்கின் சுவை அணுக்களில் இருக்கும் இதே நொதி, சோடாவின் கரியமில வாயுவை அமிலமாக்குகிறது; அந்த அமிலத்தைத்தான் நாக்கு உணர்கிறது. மருந்து நொதியை முடக்கிவிட்டால் சோடாவில் சுவை போய்விடும்.

2007ஆம் ஆண்டில் நண்பர் மீண்டும் மலைக்குப் போக ஆசைப்பட்டார். இம்முறை லடாக். லே நகரம் 11,500 அடி உயரம், விமானத்தில் இறங்குகிறோம். அவருடைய மருத்துவரிடம் நானே உடன் சென்றேன். எந்த மாத்திரையைத் தொடர்வது, எதை நிறுத்துவது, எதைப் புதிதாகத் தொடங்குவது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டோம். லேயில் இரண்டு நாள் எங்கும் போகாமல் விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அடிக்கொரு தரம் அவரைப் பெருக்கல் வாய்பாடு கேட்டேன். அவர் சினந்துகொண்டே சரியாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை கடைத்தெருவுக்குப் போனோம். நண்பர் ஒரு சோடா வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். மற்றொரு புட்டியைத் திறக்கச் சொன்னார். அதுவும் அப்படியே. "இது வெறும் தண்ணீர், கியாஸே இல்லை" என்று கடைக்காரரிடம் வழக்காடத் தொடங்கிவிட்டார். கடைக்காரர் பாவம், பொங்கி வழியும் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தார். நான் இரண்டு சோடாவுக்கும் காசைக் கொடுத்துவிட்டு, நண்பரை விடுதிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.